கேட்டவர்கள் எழுந்துபோய் என்ன செய்தார்கள்?

1963 ஆகஸ்ட் 28 வாஷிங்டன் பேரணிக்கான ஏற்பாடுகளில் பேயர்ட் ரஸ்டின் கடைசிவரை விட்டுக்கொடுக்காத விஷயங்களில் ஒன்று ஒலிபெருக்கி. லட்சக்கணக்கானோர் திரளும் இடத்தில் பின்னால் நிற்பவர்களுக்குக் காது கேட்காவிட்டால் கூட்டம் கையை மீறிவிடும் என்பது அவர் வாதம். கிடைப்பதில் உயர்ந்த கருவிகளையே கொண்டுவந்தார்கள். பேரணிக்கு முதல் நாள் யாரோ அவற்றைச் சேதப்படுத்திவிட்டார்கள். அரசாங்கத்திடம் சொல்லி, ராணுவத்தின் சிக்னல் பிரிவு ஆட்கள் வந்து இரவோடு இரவாகச் சரிசெய்தார்கள். அதே அரசாங்கம் இன்னொரு ஏற்பாடும் செய்திருந்தது. மேடையில் யாராவது எல்லை மீறிப் பேசினால் ஒலியைத் துண்டித்துவிட்டு, மஹாலியா ஜாக்சன் பாடிய பக்திப் பாடல் ஒன்றின் இசைத்தட்டை ஓடவிட ஆள் தயாராக இருந்தார். அந்த மஹாலியா ஜாக்சனே மேடையில் நேரில் உட்கார்ந்திருந்தார் என்பது வேடிக்கை.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் பேச்சுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சொற்களையே துருவுகிறார்கள். எந்த உவமை, எந்த அடுக்கு, விவிலியத்தின் எந்த அதிகாரம் என்று போகிறது ஆராய்ச்சி. அதில் தவறில்லை. ஆனால் 1852இலிருந்து நம் காலம்வரையிலான பேச்சுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தால், எனக்கு வேறொரு கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. கேட்டவர்கள் யார்? கேட்டு முடித்து எழுந்துபோன பிறகு அவர்கள் செய்வதற்குக் கையில் என்ன வேலை இருந்தது? ஒரு பேச்சின் புகழும் அது சாதித்ததும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பல சமயம் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போயிருக்கின்றன.

முதலில் ஃப்ரெடரிக் டக்ளஸ். 1852 ஜூலை 5, சுதந்திர தினத்துக்கு மறுநாள். நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டர் நகரின் கொரிந்தியன் ஹாலில் ஐந்நூறு அறுநூறு பேர், தலைக்கு 12 சென்ட் கட்டணம் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டத்தை நடத்தியவர்கள் அவ்வூர் அடிமைமுறை எதிர்ப்புப் பெண்கள் சங்கத்தினர். பேசியவர் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து 1838இல் தப்பி ஓடிவந்தவர். சிறுவனாக பால்டிமோரில் இருந்தபோது 50 சென்ட் கொடுத்து வாங்கிய ‘கொலம்பியன் ஒரேட்டர்’ என்ற பேச்சுப் பயிற்சி நூலைத் திரும்பத் திரும்பப் படித்து மேடைக்கலையைக் கற்றுக்கொண்டவர். அந்தப் புத்தகத்தில் எசமானுக்கும் அடிமைக்கும் நடக்கும் ஓர் உரையாடல் உண்டு. அதில் அடிமை வாதத்தில் வெல்கிறான்.

அன்றைய பேச்சின் கட்டுமானம் அபாரமானது. நெடுநேரம் அவர் அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களைப் புகழ்கிறார். ஆனால் புகழும்போதே ‘உங்கள்’ முன்னோர், ‘உங்கள்’ சுதந்திரம், ‘உங்கள்’ நாடு என்று சொல்லிக்கொண்டு போகிறார். கேட்பவர்கள் தலையாட்டிக்கொண்டே இருக்கும்போது அந்த ‘உங்கள்’ மெல்ல மெல்லக் கனமேறுகிறது. பிறகுதான் திருப்பம்: அடிமைக்கு இந்த நாளில் என்ன இருக்கிறது என்ற கேள்வி. அரங்கில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள், அதுவும் அவருக்கு ஆதரவானவர்கள். நண்பர்களைப் பார்த்து நண்பர்களின் நாட்டைத் திட்டுவதற்கு மிகுந்த துணிச்சல் வேண்டும்.

டக்ளஸ் பேசும் விதத்திலேயே அவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. 1840களின் தொடக்கத்தில் அவரை ஊர் ஊராக அழைத்துப்போன வெள்ளை அடிமைமுறை எதிர்ப்பாளர்கள், நடந்ததை மட்டும் சொல், தத்துவத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். பேச்சில் கொஞ்சம் பண்ணை வாடை இருக்கட்டும் என்றும் அறிவுரை சொன்னார்கள். இவ்வளவு சுத்தமான ஆங்கிலம் பேசுகிறவன் அடிமையாக இருந்திருக்கவே முடியாது என்று கூட்டத்தில் சந்தேகம் எழுந்ததுதான் காரணம். அந்தச் சந்தேகத்தைப் போக்க 1845இல் பெயர், ஊர், எசமான் எல்லாவற்றையும் போட்டுச் சுயசரிதை எழுதினார். எழுதியதால் பிடிபடும் அபாயம் வந்து பிரிட்டனுக்குப் போக வேண்டியதாயிற்று. தன் பேச்சாற்றலுக்கு இப்படி விலை கொடுத்தவர் அதிகம் பேர் இல்லை.

கொரிந்தியன் ஹால் பேச்சு எந்தச் சட்டத்தையும் அசைக்கவில்லை. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக்கொடுக்கச் சொல்லும் 1850ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே இருந்தது. அடிமைமுறை ஒழிய இன்னும் 13 ஆண்டுகள் ஆயின. ஆனால் அரங்கில் இருந்தவர்களுக்கு வேலை இருந்தது. பேச்சைச் சிறு நூலாக அச்சிட அங்கேயே 700 பிரதிகளுக்குப் பெயர் கொடுத்தார்கள். டக்ளஸின் பத்திரிகைக்கு அந்தப் பெண்கள் சங்கம் பணம் திரட்டியது. ராச்செஸ்டர் அப்போது கனடாவுக்குத் தப்பிப்போகிறவர்கள் கடக்கும் ஊர். டக்ளஸின் வீட்டிலேயே அவர்கள் தங்கிப்போனார்கள். அன்று பேச்சைக் கேட்ட ஒரு குடும்பம் மறுவாரம் ஒரு கதவைத் திறக்கவோ மூடவோ முடியும் என்ற நிலை இருந்தது.

ஒலிப்பதிவு இல்லாத காலத்தில் பேச்சு என்பது பதிவு செய்தவரின் கையில் இருந்தது. சோஜர்னர் ட்ரூத் 1851இல் ஒஹையோவின் ஆக்ரன் நகரில் பெண்ணுரிமை மாநாட்டில் பேசியதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று சில வாரங்களில் பத்திரிகையில் வந்தது. மற்றொன்று ஃபிரான்சிஸ் கேஜ் 12 ஆண்டுகள் கழித்து எழுதியது. இரண்டாவதில் ட்ரூத் தென்மாநில அடிமைகளின் கொச்சையில் பேசுகிறார். அவர் பிறந்ததோ நியூயார்க் மாநிலத்தில். முதலில் பேசிய மொழி டச்சு. உலகம் மனப்பாடம் செய்து வைத்திருப்பது அந்த இரண்டாவது வடிவத்தைத்தான்.

டக்ளஸ் 1895 பிப்ரவரியில் இறந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 18ஆம் தேதி அட்லாண்டா கண்காட்சியில் கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் பேச எழுந்தார். சமூக வாழ்வில் விரல்களைப் போலத் தனித்தனியாக இருப்போம், முன்னேற்றத்துக்கு வேண்டியவற்றில் கையைப் போல ஒன்றாக இருப்போம் என்ற பொருளில் அவர் சொன்னபோது வெள்ளைக் கூட்டம் ஆர்ப்பரித்தது. ஜனாதிபதி க்ளீவ்லாந்து பாராட்டிக் கடிதம் எழுதினார். உடனடி விளைவு என்ற அளவுகோலில் இதற்கு இணையான பேச்சு அந்த நூற்றாண்டில் குறைவு. எட்டு மாதத்தில், 1896 மே மாதம், பிளெஸ்ஸி வழக்கில் நிறப் பிரிவினை சட்டப்படி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குக் காரணம் பேச்சு என்று சொல்ல வரவில்லை. ஆனால் தீர்ப்பு எதை விரும்பியதோ அதையே பேச்சும் முன்கூட்டியே விட்டுக்கொடுத்திருந்தது. கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் 1903இல் அந்தப் பேச்சுக்கு ‘அட்லாண்டா சமரசம்’ என்று பெயர் வைத்தார். 1908இல் வாஷிங்டன் அந்தப் பேச்சின் ஒரு பகுதியை ஒலிப்பதிவுக்காக மறுபடி பேசினார். அவர் குரலுக்கு நம்மிடம் இருக்கும் ஒரே சான்று அது. எதிரே யாரும் இல்லாமல் ஒரு புனலுக்குள் பேசியது.

அறுபது ஆண்டுகளைத் தாண்டி மான்ட்காமரிக்கு வருகிறேன். நடுவில் நல்ல பேச்சாளர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் நான் கேட்கும் கேள்விக்கு மிகத் தெளிவான விடை ஹோல்ட் ஸ்ட்ரீட் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் இருக்கிறது.

1955 டிசம்பர் 1 வியாழக்கிழமை, பேருந்தில் இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானார். ஜோ ஆன் ராபின்சனும் அவருடைய பெண்கள் அமைப்பும் இரவோடு இரவாகத் துண்டறிக்கை அடித்துப் பரப்பினார்கள். 5ஆம் தேதி திங்கள்கிழமை கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறவில்லை. அன்று பிற்பகல் புதிய சங்கம் ஒன்றைத் தொடங்கி, 26 வயது போதகர் மார்ட்டின் லூதர் கிங்கைத் தலைவராக்கினார்கள். மாலைக் கூட்டத்தில் அவர் பேச வேண்டும். ஞாயிறு பிரசங்கத்துக்குப் பதினைந்து மணி நேரம் தயாரிக்கிறவருக்கு அன்று கிடைத்தது சுமார் 20 நிமிடம். தேவாலயம் நிரம்பி வழிந்தது. ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள்.

ஒலிநாடா இருக்கிறது. தொடக்கத்தில் கிங் வக்கீல் மாதிரி பேசுகிறார். நாம் அமெரிக்கக் குடிமக்கள், வந்திருப்பது முக்கியமான வேலைக்காக, நடந்தது இது, கைதானவர் இப்படிப்பட்டவர் என்று நிதானமாகப் போகிறது. கூட்டமும் அடக்கமாக ‘ஆமென்’, ‘சரிதான்’ என்று பதில் போடுகிறது. வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவார் அல்லவா, இங்கே சபை முழுவதும் அந்த வேலையைச் செய்கிறது. பதில் எவ்வளவு சூடாக வருகிறதோ அதைப் பொறுத்துப் போதகர் வேகத்தை ஏற்றுவார், இறக்குவார், ஒரு சொற்றொடரைத் திருப்பிப் போடுவார். உச்சத்தில் பேச்சு பாட்டாக மாறும். டெட்ராய்ட்டின் சி. எல். ஃபிராங்க்ளின் போன்றவர்களின் பிரசங்கங்கள் இசைத்தட்டாகவே விற்றன. பாடகி அரீத்தா ஃபிராங்க்ளினின் தகப்பனார் அவர்.

ஹோல்ட் ஸ்ட்ரீட்டில் அந்தச் சூடு ஏறும் இடம் நாடாவில் துல்லியமாகத் தெரிகிறது. அடக்குமுறையின் இரும்புக் காலடியில் மிதிபட்டு மிதிபட்டு மக்கள் சலித்துப்போகும் நேரம் ஒன்று வரும் என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொல்கிறார். ஒரு கணம் கழித்து எழும் சத்தம் நிற்கவே இல்லை. கைதட்டல், கூச்சல், வெளியில் நிற்பவர்களின் ஆரவாரம் எல்லாம் சேர்ந்து பேச்சை நிறுத்திவிடுகிறது. அந்த வாக்கியத்தில் இலக்கிய நயம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர் வீடுகளில் சமையலும் துணிவெளுப்பும் செய்கிற பெண்கள். சலிப்பு என்றால் என்னவென்று அவர்கள் கால்களுக்குத் தெரியும். அன்று காலைதான் அவர்கள் பேருந்தை விட்டுவிட்டு நடந்து போயிருந்தார்கள்.

பேச்சு முடிந்ததும் ரால்ஃப் அபர்நாத்தி தீர்மானத்தைப் படித்தார். கோரிக்கைகள் மிகச் சாதாரணமானவை: மரியாதையாக நடத்துங்கள், முதலில் வந்தவர் முதலில் உட்காரட்டும், கறுப்பின ஓட்டுநர்களை வேலைக்கு எடுங்கள். ஏற்கிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்றதும் கூட்டம் எழுந்தது. மறுநாள் காலை மீண்டும் நடந்தார்கள். 381 நாள் பேருந்தில் ஏறவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை கூட்டம். ஒவ்வொன்றிலும் பாட்டு, ஜெபம், கார் ஏற்பாட்டுக் கணக்கு, காணிக்கை, அதன்பின் பேச்சு. ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்மணி ‘கிளப் ஃப்ரம் நோவேர்’ என்று பெயர் வைத்து, பை, கேக், கோழி சாண்ட்விச் விற்ற பணத்தைக் கொண்டுவந்து கொட்டினார். பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் காட்டிக்கொடுக்க முடியாது என்பதற்காகவே அந்தப் பெயர். கிங்கின் பேச்சை இந்த வரவு செலவிலிருந்து பிரித்துத் தனியாக ரசிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இப்போது வாஷிங்டன் பேரணி. ‘எனக்கொரு கனவு’ என்று உலகமே அறிந்த அந்த 17 நிமிடத்தின் முதல் பாதியை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. அதில் கிங் பேசுவது கடனைப் பற்றி. அமெரிக்கா எல்லோருக்கும் எழுதிக்கொடுத்த புரோநோட்டு ஒன்று இருக்கிறது, கறுப்பின மக்களுக்கு மட்டும் காசோலை பணமில்லை என்று திரும்பி வந்துவிட்டது என்கிறார். போலீஸ் அடாவடியைப் பேசுகிறார். எழுதிவைத்த தாள் அவ்வளவுதான். கனவு அதில் இல்லை. வயாட் வாக்கர் போன்ற உதவியாளர்களுக்கு அந்தக் கனவுப் பகுதி அலுத்துப்போயிருந்தது, வேண்டாம் என்றார்கள். 1962 நவம்பரில் வட கரோலினாவின் ராக்கி மவுண்டில் அதைச் சொல்லியிருக்கிறார். 1963 ஜூனில் டெட்ராய்ட்டில் சொல்லியிருக்கிறார். பின்னாலிருந்து மஹாலியா ஜாக்சன், கனவைப் பற்றிச் சொல் மார்ட்டின் என்று குரல் கொடுத்தார். கிங் தாளை விட்டுத் தலையைத் தூக்கினார். அதாவது இரண்டரை லட்சம் பேர் முன்னிலையில், தொலைக்காட்சி நேரலையில், சபையிலிருந்து வந்த ஒரு பதிலுக்குப் போதகர் இசைந்து கொடுத்தார். ஹோல்ட் ஸ்ட்ரீட்டின் அதே இலக்கணம்தான்.

அந்தக் கூட்டத்தின் உண்மையான தீர்மான வாசிப்பு பிறகு நடந்தது. ரஸ்டின் கோரிக்கைகளைப் படித்தார், கூட்டம் ஒவ்வொன்றுக்கும் முழங்கியது. மணிக்கு 2 டாலர் குறைந்தபட்சக் கூலி அதில் ஒன்று. பேரணியின் பெயரே வேலைக்கும் விடுதலைக்குமான பேரணி. இன்று ஆண்டுதோறும் ஒளிபரப்பாகும் துணுக்குகளில் கூலிக்கு இடமில்லை. பெண்களுக்கும் அன்று மேடையில் பேச இடமில்லை என்றே சொல்ல வேண்டும். டெய்சி பேட்ஸ் சுருக்கமாகச் சில வரிகள் பேசியதோடு சரி. 23 வயது ஜான் லூயிஸின் பேச்சைக் கடைசி நேரத்தில் திருத்தினார்கள். ஜனாதிபதி கென்னடியின் குடிமை உரிமை மசோதாவை ஆதரிக்க முடியாது என்று அவர் எழுதியிருந்ததைக் கண்டு பேராயர் ஓபாய்ல் மேடையேற மறுத்தார். 1941 முதல் இப்படியொரு பேரணிக்குக் காத்திருந்த முதியவர் ராண்டால்ஃப் கேட்டுக்கொண்டதால்தான் லூயிஸ் இறங்கிவந்தார்.

விளைவு? 18 நாள் கழித்து பர்மிங்ஹாம் தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். 1964 ஜூலையில் குடிமை உரிமைச் சட்டம் வந்தது. அதற்குப் பின்னால் பர்மிங்ஹாம் சிறைகளும், கென்னடியின் மரணமும், ஜான்சனின் பேரமும் இருந்தன. பேச்சு எத்தனை சதவீதம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. 1966 கேலப் கணிப்பில் அமெரிக்கர்களில் 63 சதவீதம் பேர் கிங்கைப் பிடிக்காது என்றார்கள். அந்தப் பேச்சு நாட்டின் பொதுச் சொத்தாக மாறியது அவர் கொல்லப்பட்ட பிறகு. சட்டப்படி அது பொதுச் சொத்தும் இல்லை: கிங் காப்புரிமை பதிவு செய்திருந்தார், வாரிசுகள் அதைக் கறாராகக் காக்கிறார்கள்.

வாஷிங்டன் பேரணிக்கு ஓராண்டு கழித்து, 1964 ஆகஸ்ட் 22, அட்லாண்டிக் சிட்டி. ஜனநாயகக் கட்சி மாநாட்டின் தகுதிச் சான்றுக் குழு முன்பு மிசிசிப்பியிலிருந்து வந்த ஃபேன்னி லூ ஹேமர் உட்கார்ந்தபடி பேசுகிறார். வாரத்துக்குப் பயிரிடும் குடும்பத்தில் இருபதாவது பிள்ளை. வெள்ளையர் மட்டுமே நிறைந்த மிசிசிப்பிப் பிரதிநிதிகளை ஏற்காதீர்கள், எங்கள் சுதந்திர ஜனநாயகக் கட்சியை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பது கோரிக்கை. கையில் தாள் இல்லை. எடுத்ததும் தன் பெயர், தெரு, வீட்டு முகவரி, ஊர் ரூல்வில், மாவட்டம் சன்ஃப்ளவர் என்று சொல்கிறார். கொல்ல நினைப்பவர்கள் நிறைந்த ஊரில் இருக்கிற ஒரு பெண், தேசியத் தொலைக்காட்சியில் முகவரியைச் சொல்லித் தொடங்குகிறார்.

பிறகு தேதிகள். 1962 ஆகஸ்ட் 31, வாக்காளராகப் பதிய 18 பேர் 26 மைல் பயணம் செய்து இண்டியனோலா போனது. திரும்பும்போது, பேருந்தின் நிறம் சரியில்லை என்று போலீஸ் ஓட்டுநருக்கு அபராதம் போட்டது. நில உடைமையாளர், விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, இல்லையென்றால் வெளியேறு என்றது. உமக்காகப் பதியப் போகவில்லை, எனக்காகப் போனேன் என்று அவர் பதில் சொன்னது. அன்றிரவே வெளியேறியது. 1963 ஜூனில் வினோனா சிறையில், காவல்துறை அதிகாரி உத்தரவிட இரண்டு கறுப்பினக் கைதிகளைக் கொண்டே அவரை அடிக்கவைத்தது. ஏற்ற இறக்கம் அதிகமில்லை, கை அசைவு இல்லை, பதில் போடச் சபையும் இல்லை. நீதிமன்றச் சாட்சி போல ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார். இறுதியில்தான் குரல் உயர்ந்து, இதுதான் அமெரிக்காவா என்று கேட்கிறார். சுமார் எட்டு நிமிடம்.

இந்தப் பேச்சின் வலுவை முதலில் புரிந்துகொண்டவர் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன். தென்மாநில வெள்ளை வாக்குகள் போய்விடும் என்ற பயம் அவருக்கு. அவசரமாகச் செய்தியாளர்களைக் கூட்டினார். தொலைக்காட்சிகள் ஹேமரை விட்டுவிட்டு வெள்ளை மாளிகைக்குத் தாவின. அங்கே சொல்லும்படி செய்தி எதுவும் இல்லை. எதற்காகக் கூட்டினார் என்பது தெரிந்ததும், தொலைக்காட்சிகள் அன்றிரவு அதிகம் பேர் பார்க்கும் நேரத்தில் ஹேமரின் சாட்சியத்தை முழுதாகப் போட்டன. ஒரு பேச்சை மறைக்க ஜனாதிபதியே இறங்கியதுதான் அதற்குக் கிடைத்த பெரிய சான்றிதழ்.

கட்சி கொடுக்க முன்வந்தது இரண்டு இடங்கள். ஹேமரும் தோழர்களும் மறுத்தார்கள். கிங்கும் ரஸ்டினும்கூட ஏற்கலாம் என்ற பக்கம் சாய்ந்தார்கள். வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள். ஆனால் 1968 சிகாகோ மாநாட்டில் நிற வேறுபாடில்லாத மிசிசிப்பிக் குழு உட்கார்ந்தது. ஹேமர் உள்ளே நுழைந்தபோது மாநாடு எழுந்து நின்றது. வாக்குரிமைக்கான செல்மா நடைப்பயணத்தின் ரத்தத்துக்குப் பிறகு 1965 ஆகஸ்ட் 6இல் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. மிசிசிப்பியில் வாக்காளர்களாகப் பதிந்த கறுப்பின மக்கள் சட்டத்துக்கு முன்பு 6.7 சதவீதம், 1967இல் 59.8 சதவீதம். ஹேமர் சொன்னதைக் கேட்டவர்கள் தொலைக்காட்சிப் பார்வையாளர்கள். ஆனால் அந்தப் பதிவு அலுவலக வரிசைகளில் நின்றவர்கள் அவரைப் போன்ற ஊர்களின் ஆட்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே சாட்சியம் போதுமானதாக இருந்தது. இந்த நூற்றெழுபது ஆண்டுப் பேச்சுகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் கனவை விட்டுவிட்டு இந்த முகவரியைத்தான் எடுப்பேன்.

மால்கம் எக்ஸின் வழி முற்றிலும் வேறு. 1964 ஏப்ரல் 3 க்ளீவ்லாந்தில், பிறகு டெட்ராய்ட்டில் அவர் பேசிய ‘வாக்குச் சீட்டா, துப்பாக்கிக் குண்டா’ இரண்டும் தேவாலயங்களில் நடந்தவை, பேசியவர் முஸ்லிம். போதகரின் ராகம் அவரிடம் இல்லை. சிறையில் விவாத மேடையில் பழகிய வேகம், கிண்டல், கேள்வி மேல் கேள்வி. நண்பர்களையும் எதிரிகளையும் சேர்த்தே வரவேற்றுச் சிரிக்கவைத்துத் தொடங்குவார். கூட்டம் ‘ஆமென்’ போடுவதற்குப் பதில் சிரிக்கிறது, சிரித்துக்கொண்டே கோபப்படுகிறது. அவர் பேச்சால் எந்தச் சட்டமும் வரவில்லை. 1965 பிப்ரவரியில் கொல்லப்பட்டார். ஆனால் அவர் இசைத்தட்டுகள் போன தூரம் வேறு. 1980களில் பப்ளிக் எனிமி போன்ற ராப் குழுக்கள் அவர் குரலை வெட்டிப் பாட்டுக்குள் ஒட்டின. பேச்சைக் கேட்டவர்களின் பிள்ளைகள் அவரைத் தாளத்தோடு கேட்டார்கள். விளைவு என்பது ஒரே தலைமுறைக்குள் முடிந்துவிடும் கணக்கில்லை என்பதை இது எனக்குக் கறாராக நினைவூட்டுகிறது.

1966 ஜூனில் இளம் போராளி ஸ்டோக்லி கார்மைக்கேல் மிசிசிப்பி கிரீன்வுட்டில் ‘என்ன வேண்டும்?’ என்று கேட்டார். ‘பிளாக் பவர்’ என்று கூட்டம் திருப்பிக் கத்தியது. அக்டோபரில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அதே ஆள் சார்த்ரையும் காம்யூவையும் சுட்டி விரிவுரை நிகழ்த்தினார். ஒரே ஆண்டு, ஒரே கருத்து, இரண்டு தொண்டை.

கிங்கிடமும் இந்த இரண்டு தொண்டை உண்டு. 1967 ஏப்ரல் 4 நியூயார்க் ரிவர்சைட் தேவாலயத்தில் வியட்நாம் போரை எதிர்த்து அவர் எழுதியதைப் படித்தார். ஒவ்வொரு சொல்லும் நிறுத்து வைத்தது; பத்திரிகைகள் மறுநாள் கிழித்தன. அதற்கு ஓராண்டு நிறைய ஒரு நாள் இருக்கும்போது, 1968 ஏப்ரல் 3, மெம்ஃபிஸ் மேசன் டெம்பிள். வெளியே புயல். உடம்பு சரியில்லாமல் விடுதியில் படுத்திருந்த கிங்கை, கூட்டம் உன்னைத்தான் எதிர்பார்க்கிறது என்று அபர்நாத்தி தொலைபேசியில் அழைத்தார். தாள் இல்லாமல் வந்து பேசினார். சாளரக் கதவுகள் அடிக்கும்போதெல்லாம் திடுக்கிட்டார் என்று அருகிலிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மலையுச்சியிலிருந்து வாக்களிக்கப்பட்ட நிலத்தைக் கண்டேன், உங்களோடு நான் வராமல் போகலாம் என்ற முடிவைத்தான் எல்லாரும் காட்டுகிறார்கள். மறுநாள் மாலை கொல்லப்பட்டதால் அதற்குத் தீர்க்கதரிசன ஒளி வந்துவிட்டது.

அதே பேச்சின் நடுவில் அவர் வேறொன்று சொன்னார். கோக்கோ கோலா வாங்காதீர்கள், சீல்டெஸ்ட் பால் வாங்காதீர்கள், வொண்டர் ரொட்டி வாங்காதீர்கள். வெள்ளையர் வங்கியிலிருக்கும் பணத்தை எடுத்துக் கறுப்பினருடைய ட்ரை ஸ்டேட் வங்கியில் போடுங்கள். எதிரில் இருந்தவர்கள் பிப்ரவரி 12 முதல் வேலை நிறுத்தத்தில் இருந்த 1,300 துப்புரவுத் தொழிலாளர்களின் தரப்பு மக்கள். பிப்ரவரி 1ஆம் தேதி குப்பை லாரியின் நசுக்கும் எந்திரத்தில் சிக்கி இரண்டு தொழிலாளர்கள் இறந்ததிலிருந்து தொடங்கிய கோபம் அது. எந்த ரொட்டி, எந்த வங்கி என்று பெயர் சொல்லி அனுப்பிய பேச்சு இது. ஏப்ரல் 16இல் நகராட்சி இறங்கிவந்து சங்கத்தை அங்கீகரித்தது. கிங்கின் மரணம்தான் அதை விரைவுபடுத்தியது என்பதும் உண்மை.

கிங் 1959இல் இந்தியா வந்து சென்னை, திருவனந்தபுரம்வரை போனவர். கேரளத்தில் ஒரு பள்ளித் தலைமையாசிரியர் அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டப்படாதவர் என்று தன்னை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தியதையும், முதலில் சுருக்கென்று பட்டதையும், யோசித்தபின் ஆம் என்று ஒப்புக்கொண்டதையும் 1965 ஜூலையில் அட்லாண்டா சபையில் சொன்னார். பெரியவர்களுக்கு அவர் பேசியது நமக்குப் பதிவாகியிருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு என்ன பேசினார் என்பதைக் கேட்கத்தான் எனக்கு ஆசை.

1970களிலிருந்து மேடை இடம் மாறுகிறது. தேவாலயத்திலிருந்து கட்சி மாநாட்டுக்கு. 1976 ஜூலையில் பார்பரா ஜோர்டன் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக உச்சரித்துப் பேசினார்; ஜனநாயகக் கட்சி மாநாட்டில் மைய உரை நிகழ்த்திய முதல் கறுப்பினப் பெண் அவர். ஜெஸ்ஸி ஜாக்சன் 1984, 1988 மாநாடுகளில் போதகர் நடையை அப்படியே கொண்டுவந்தார். அவருடைய பேச்சின் பின்னால் வேலை இருந்தது: வாக்காளர் பதிவு. 1984இல் முதற்கட்டத் தேர்தல்களில் சுமார் 33 லட்சம் வாக்கு, 1988இல் சுமார் 70 லட்சம். அதற்கு அடுத்த தலைமுறையில் கேட்பவர் செய்ய வேண்டிய வேலை இன்னும் சுருங்கியது. ஒபாமா 2008 மார்ச்சில் பிலடெல்பியாவில் நிறவெறியைப் பற்றி 37 நிமிடம் பேசியபோது அரங்கம் சிறியது, அமைதியானது. வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்து பார்த்தவர்களே அவருடைய சபை. அவர்கள் திருப்பிச் சொன்ன ‘ஆமென்’ என்பது இணைப்பை இன்னொருவருக்கு அனுப்பியதும், எட்டு மாதம் கழித்து வாக்களித்ததும். அவர் வேட்பாளராகத் தப்பிப் பிழைத்தார். அந்த அளவில் பேச்சு வெற்றி. 2015 ஜூனில் சார்ல்ஸ்டன் தேவாலயப் படுகொலைக்குப் பின் நடந்த இறுதிச் சடங்கில் அவர் பேச்சை நிறுத்தி, மௌனமாக நின்று, பிறகு பாடத் தொடங்கினார். சபை எழுந்தது, ஆர்கன் பின்தொடர்ந்தது. எனக்குத் தெரிந்து அவர் முழுக்கப் பழைய இலக்கணத்துக்குள் போன மேடை அது.

2020 மே 25இல் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட பிறகு நாடே தெருவுக்கு வந்தது. எந்தப் பேச்சும் அதற்குக் காரணமில்லை. ஒரு சிறுமி கைபேசியில் எடுத்த காணொளி காரணம். ஹேமர் 1964இல் வாயால் சொல்லி நம்பவைக்க வேண்டியிருந்ததை இந்தத் தலைமுறை காட்டிவிட்டது. அதனால் பேச்சாளருக்கு வேலை குறைந்ததா என்றால், இல்லை, வேறாயிற்று: கண்ணால் கண்டதற்குப் பிறகு என்ன செய்வது என்று சொல்லும் வேலை. அதைச் சொல்ல வாரத்துக்கு இரண்டு முறை கூடும் சபை இந்தத் தலைமுறையிடம் இல்லை.

2015 மார்ச் 7, செல்மா பாலம். நடைப்பயணத்தின் ஐம்பதாம் ஆண்டு. 1963இல் திருத்தப்பட்ட தாளோடு மேடையேறிய ஜான் லூயிஸ், அப்போது காங்கிரஸ் உறுப்பினர், ஒபாமாவை அறிமுகம் செய்தார். அதற்கு இரண்டாண்டு முன்பு, 2013 ஜூனில், ஷெல்பி மாவட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் வாக்குரிமைச் சட்டத்தின் முதுகெலும்பான பகுதியைச் செயலிழக்கச் செய்திருந்தது. பேச்சு அருமையானது, ஒபாமாவின் பேச்சுகளில் ஆகச் சிறந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. அதில் ஒரு வேலையும் கொடுத்தார். இங்கே வந்திருக்கும் நூறு காங்கிரஸ் உறுப்பினர்கள் தலைநகர் திரும்பி, இன்னும் நானூறு பேரைச் சேர்த்து, சட்டத்தை மீட்டுக்கொடுங்கள் என்றார். கைதட்டினார்கள். மசோதா நகரவில்லை. 2020 ஜூலையில் லூயிஸ் இறந்தார். அவர் பெயரையே வைத்த மசோதா 2021 ஆகஸ்ட் 24இல் கீழவையில் நிறைவேறியது. 2022 ஜனவரியில் மேலவையில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகத் தேவையான 60 வாக்கு அதற்குக் கிடைக்கவில்லை.